புகையனுக்கு ஒரு காரணம்

தியேட்டரில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். நாலு வருஷம் அவரோடு வேலையும் பார்த்திருக்கிறேன். புத்தகம் நன்றாக விற்ற மாதங்களில் முதலாளி எங்களை எல்லாம் பகல் காட்சிக்கு அனுப்பிவைப்பார். ஹீரோ வருகிறபோது அவர் குனிந்து கடலை உரிப்பார். வில்லன் வாயைத் திறந்தானோ இல்லையோ, சட்டென்று உடம்பைத் திருப்பி, எங்களுக்குப் பின்னால் இருக்கிற சனத்தின் முகங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். "யோவ், படம் அங்கிட்டு ஓடுதுய்யா" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். அசைய மாட்டார். எனக்குத்தான் மானம் போகும்.

வெளியே வந்ததும் தீர்ப்புச் சொல்லுவார். "இவன் தேற மாட்டான் தங்கச்சி. சிரிக்கிறான், சிரிக்கிறான், எதுக்குச் சிரிக்கிறோம்னு அவனுக்கே தெரியல. ஒருத்தன் மூஞ்சியாவது மாறுச்சா? முறுக்குத்தேன் தின்னுக்கிட்டு இருந்தாய்ங்க."

எண்பதுகளின் ஆரம்பம் அது. மதுரையில் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே அச்சு மெஷின், மாடியில் எங்கள் ஆபீஸ். மாதம் ஒரு படக்கதைப் புத்தகம் போட்டோம். கதையும் படமும் அவர். எழுத்து நான். எழுத்து என்றால் கதை எழுதுவது இல்லை. படத்தில் இருக்கிறவர்கள் பேசுவதை, மையில் பேனாவைத் தொட்டு, தாளில் அழகாக எழுதி, வெட்டி, அவர்கள் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிற பலூனுக்குள் ஒட்டுவது. அச்சு எழுத்துக் கோத்தால் பலூனுக்குள் அடங்காது, கோபமும் தெரியாது என்பார் அவர். கத்தினால் எழுத்து தடிக்க வேண்டும், அழுதால் மெலிய வேண்டும். அந்த வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. என் எழுத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

எங்கள் ஹீரோவின் பெயர் வெண்பருந்து. அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்லவன். சதுரமான தாடை. முதுகில் இறக்கை. வைகைப் பாலத்துக்கு மேல் பறந்து வருவான், அடிப்பான், போய்விடுவான். அவனை வரைகிறபோது அவர் வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வரைவார். வில்லனை வரைகிற நாளில் வானொலியை அணைத்துவிடுவார்.

"நல்லவனா இருக்கிறதுக்கு யாரும் காரணம் கேக்க மாட்டாங்க தங்கச்சி. கெட்டவனுக்குத்தேன் கேப்பாங்க. அந்தக் காரணம் மட்டும் சரியா உக்காந்துருச்சுன்னு வையி, படிக்கிறவன் பாதிப் புத்தகத்துல, 'அடப்பாவி, நானா இருந்தாலும் இதத்தான செஞ்சிருப்பேன்'னு பயந்துருவான். அந்தப் பயத்துக்குத்தேன் அவன் காசு குடுக்கிறான். பறக்கிறவனப் பாக்க இல்ல."

இதைச் சொல்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெரிய ஞானி தோற்றான். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டவள்தான், சும்மா இப்போது வந்து பேசவில்லை.

காரணத்தை அவர் எங்கே பிடிப்பார் என்றால், ஆட்களிடம்தான். பஸ்ஸில், டீக்கடையில், ரேஷன் வரிசையில், யார் பக்கத்தில் நின்றாலும் ஐந்து நிமிஷத்தில் அந்த ஆள் தன் வயிற்றில் இருப்பதைக் கொட்டிக்கொண்டிருப்பார். அவர் கேள்வி கேட்பதே இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதட்டைப் பிரிக்காமல், "ம்" என்பார். அந்த "ம்" ஒன்று போதும். என் வாழ்நாளில் அப்படி யாரும் காது கொடுத்து நான் பார்த்ததில்லை. கட்டினவர்கூட இல்லை.

கப்பலூர்த் தொழிற்பேட்டையில் மெஷினில் இரண்டு விரலைக் கொடுத்த ஆள் ஒருவரை இப்படித்தான் பஸ்ஸில் பிடித்தார். அடுத்த மாதம் எங்கள் புத்தகத்தில் மூன்று விரல் வில்லன் ஒருவன் வந்தான். விரலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிய முதலாளிகளை எல்லாம் அவன் தேடித் தேடிப் போய்க் கழுத்தை நெரித்தான். புத்தகம் பறந்தது. ஒருநாள் அந்த ஆளே புத்தகத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்துவிட்டார்.

"என்னண்ணே இது? எம் பொண்டாட்டிட்ட சொல்லாததக்கூட ஒங்ககிட்டச் சொன்னேன். இப்பப் பட்டறை பூரா என்னய, 'கழுத்த நெரிச்சுராதப்பா'ன்னு கூப்புடுறாய்ங்க" என்றார்.

இவர் எழுந்து போய் அவரைத் தோளில் அணைத்து உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "ஒங்கள ராசாவாட்டம் வரைஞ்சிருக்கேன், அதப் பாக்கலையா?" என்று பேசிப் பேசி, கடைசியில் அந்த ஆள் புத்தகத்தில் இவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார். அவர் படியிறங்கியதும் ஆபீஸே சிரித்தது. சத்தமாகச் சிரித்தது நான். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் சந்தில் நின்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தேன், பேனாவை மையில் தொட்டேன், வேலையைப் பார்த்தேன்.

இப்போது புகையன் கதைக்கு வருகிறேன்.

புகையன் என்பது தீபாவளி சமயத்தில் இரண்டு மாதம் தொடராக வருவதற்கு அவர் யோசித்த வில்லன். உடம்பெல்லாம் கறுப்புப் புகை. ஊரை மூடிவிடுவான். அந்த மாதிரி விசேஷப் புத்தகங்களில் கடைசிச் சில பக்கங்கள் மட்டும் இரண்டு வண்ணத்தில் வரும். வண்ணப் பக்கத்துக்குப் பிளாக், அதாவது அச்சுத் தகடு, செய்யச் சிவகாசிக்கு அனுப்ப வேண்டும், திரும்பி வர நாளாகும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம்: கதையின் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் வரைவோம், முதலில் எழுதுவோம். இரண்டு மாதத்துக்கும் சேர்த்தே அனுப்பிவிடுவோம். யார் எப்படிச் சாவான் என்பது முதலில் முடிவாகிவிடும். ஏன் செத்தான் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்படித்தான் புகையன் சாகிற பக்கத்தை நான் முதலில் எழுதினேன். வெண்பருந்து அவனைத் தூக்கி எறிகிறான். ஊர்ச்சனம் கையைத் தூக்கிக் கூவுகிறது: "ஒழிந்தான் துரோகி!" பக்கத்தில் பாதியை அடைக்கிற மாதிரி, கட்டைவிரல் தடிமனுக்கு, நான் எழுதியதிலேயே பெரிய எழுத்து அது. எழுதி முடித்துத் தூரமாக வைத்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். பிளாக்குக்குப் போய்விட்டது.

ஆனால் புகையனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. பத்து நாள் அவர் கிறுக்குப் பிடித்த மாதிரி அலைந்தார். "துரோகின்னு போட்டாச்சு. என்ன துரோகம் பண்ணான்? காசுக்குப் பண்ணான்னா எவன் மதிப்பான்?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

ஐப்பசி மழை. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போய்விட்டது. கீழே மெஷின் நின்றுவிட்டது. ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர்தான். டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை என் பக்கம் தள்ளினார். பிறகு, யாரும் கேட்காமலே, தன் கதையைச் சொன்னார். எட்டாவது படிக்கிறபோது அக்காவின் சங்கிலியைத் திருடி விற்றாராம். வீட்டு வேலைக்கு வந்த பெண்மேல் பழி விழுந்ததாம். அந்தம்மா தெருவில் மண்ணை அள்ளித் தூற்றிவிட்டுப் போனாளாம். "இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருட்டயும் சொன்னதில்ல தங்கச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. இம்புட்டுப் பெரிய மனுஷன் நம்மிடம் இதைச் சொல்கிறாரே என்று நானும் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்றால், எங்கள் அப்பாவைச் சொன்னேன்.

நாங்கள் அப்போது வாடிப்பட்டிப் பக்கம் இருந்தோம். அப்பா ஒரு நூல் மில்லில் வேலை. எனக்குப் பன்னிரண்டு வயது. மில்லில் வேலைநிறுத்தம், ஒரு மாதத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. தம்பிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. வலிப்பு. ஊரில் இருந்த ஒரே கார் மில்லுக்காரருடையது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோகக் கார் கேட்டுப் போனார் அப்பா. வேலைநிறுத்தத்தில் மெஷின் பெல்ட்டை அறுத்தவர்கள் யார் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள் என்றார்கள். அப்பா மூன்று பேர் பெயரைச் சொன்னார். அதில் ஒருவர் என் அம்மாவின் சொந்தத் தம்பி, என் தாய்மாமன். கார் வந்தது. தம்பி பிழைத்தான். அந்த மூன்று பேரும் ஜெயிலுக்குப் போனார்கள். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது எங்கள் வீட்டுக் கதவில் கரியால் எழுதியிருந்தது. அம்மா ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போனாள். அப்பா தடுத்தார். "அழிக்காத. எழுதுனவன் பாத்துட்டுப் போகட்டும். புள்ள மூச்சு விடுதுல்ல, அது போதும்" என்றார்.

"கதவுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார் அவர். அன்றைக்கு அவர் கேட்ட ஒரே கேள்வி.

"துரோகின்னு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எனக்காகத்தான் வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

அதன்பின் நாங்கள் ஊரைவிட்டுச் செல்லூருக்கு வந்துவிட்டோம். அப்பாவுக்குக் கீழமாசி வீதி மண்டியில் மூட்டை எடை போடுகிற வேலை. வந்த அன்று எங்களிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "அந்தப் பேச்சு இந்த வீட்டத் தாண்டக் கூடாது." வேறு எதற்கும் அவர் எங்களைக் கட்டுப்படுத்தியதில்லை. பொம்பளைப் பிள்ளை பத்திரிகை ஆபீஸுக்கு வேலைக்குப் போவதா என்று தெருவே கேட்டபோதுகூட, "போகட்டும், எழுத்து நல்லாருக்குல்ல" என்றார். மாதாமாதம் புத்தகத்தைத் தானே காசு கொடுத்து வாங்கி மண்டிக்குக் கொண்டுபோவார். "இது அச்சு இல்லப்பா. எம்மக கையால எழுதுனது" என்று ஒவ்வொருவரிடமும் காட்டுவார். கதை அவருக்கு ரெண்டாம்பட்சம். நகத்தை என் எழுத்துக்குக் கீழே வைத்து வரி வரியாக இழுத்துக்கொண்டு போவார். தலைகுனிந்து வந்த ஊரில் அவர் தலைநிமிர்ந்து காட்டுவதற்கு இருந்தது அது ஒன்றுதான். அது எனக்கும் தெரியும்.

அந்த மழை நாளுக்குப் பத்து நாள் கழித்துப் புகையனின் முன்கதைப் பக்கம் என் மேஜைக்கு வந்தது. மில் புகைபோக்கி. பாயில் ஒரு பிள்ளை. கார். மூன்று பெயர். கரியால் எழுதிய கதவு. அதன் முன்னால் ஒரு மனிதன் நின்று, "எழுதியவன் பார்த்துவிட்டுப் போகட்டும். பிள்ளை மூச்சு விடுகிறது, அது போதும்" என்று சொல்ல வேண்டியது. பலூன் காலியாக இருந்தது. நான் எழுத வேண்டும்.

பேனாவைக் கீழே வைத்தேன். தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டேன்.

"அண்ணே, இது எங்கப்பா."

"இல்ல தங்கச்சி. இது புகையன்."

"வெளையாடாதீங்கண்ணே."

"பேரு போட்டனா? ஊரு போட்டனா? மில்லு பேரு இருக்கா? ஒலகத்துல எம்புட்டு மில்லு, எம்புட்டு அப்பன்..."

"எங்கப்பா ஒரு பக்கம் விடாமப் படிக்கிறாருண்ணே. எம்மக எழுத்துன்னு மண்டி பூராக் காட்டுறாரு. இதயும் நாந்தேன் எழுதிக் குடுக்கணுமா? அவரு கதவ அவருக்கே நான் எழுதிக் காட்டணுமா?"

கத்திவிட்டேன். பிறகு அழுதுவிட்டேன். அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். "சரி, அழாத. நீ எழுத வேணாம். அந்தப் பக்கமே வேணாம், போ" என்று வசனம் எழுதிய சீட்டை என் கண்முன்னால் இரண்டாகக் கிழித்தார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இத்தனை வருஷம் கழித்து எனக்கு வயிறு எரிவது எதற்கென்றால் அந்தக் கும்பிடுக்குத்தான்.

புத்தகம் வந்தது. பக்கம் இருந்தது. ஒரு வரி குறையவில்லை. அதைவிடப் பெரிய அநியாயம், அந்தப் பலூன்களில் இருந்தது என் எழுத்து. ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து, நான் போடுகிற சுழியை எல்லாம் அப்படியே பார்த்து அவரே எழுதியிருக்கிறார். படம் போடுகிற கை அல்லவா, என்ன வேண்டுமானாலும் போடும். கீழே மெஷின் ஓட்டுகிற பாய்கூட, "என்னம்மா மொகம் இப்பிடி இருக்கு? நீங்க எழுதுனதுதானே?" என்றார்.

"இல்ல பாய். அவரு எழுதுனது. அவரு சங்கிலிக் கதையச் சொன்னாருன்னு நானும் நம்பி எங்க வீட்டுக் கதையச் சொல்லித் தொலைச்சேன்."

"சங்கிலியா?" பாய் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். "எங்கிட்டக் கூடப்பொறந்த தம்பியக் கெணத்துல தள்ளிவிட்ட கதையில்ல சொன்னாரு. அழுதாரேம்மா. நானும் எங்க அத்தா கதைய முழுக்கச் சொன்னேனே. யா அல்லா."

நான் வீட்டுக்கு ஓடுவதற்கு முன்னாலேயே அப்பா வழக்கம்போல் புத்தகத்தை வாங்கிவிட்டார். வழக்கம்போல் மண்டியில் நாலு பேருக்கு மத்தியில் பிரித்திருக்கிறார். சாயங்காலம் வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்தப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார்.

"இந்த ஒரு பக்கம் நீ எழுதுனது இல்ல."

நான் பக்கத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன்.

"நீ எழுத ஆரம்பிக்கிற எடத்துல பேனாவ அழுத்துவ. இது முடிக்கிற எடத்துல அழுத்துது. யாரோ ஒன்னய மாதிரி எழுதியிருக்காய்ங்க."

அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

"எழுதுனது நீ இல்ல, சரி" என்றார் அப்பா. "சொன்னது?"

"நாந்தேன்ப்பா."

தலையை ஆட்டினார். கால் கழுவப் போனார். பத்து நாள் என்னிடம் பேசவில்லை. நான் ஆபீஸுக்குப் போகவில்லை. பதினோராம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கடைசியில அவன என்னத்தா பண்றாங்க?"

"எவனப்பா?"

"அதேன், அந்தப் புகையன. அடுத்த மாசம் முடிவுன்னு போட்டிருக்கே."

மூன்று பேர் பெயரைச் சொன்ன மனுஷனுக்கு என்ன தீர்ப்பு என்று என் அப்பா என்னிடம் கேட்கிறார். தீர்ப்பை நான் ஏற்கனவே எழுதிச் சிவகாசிக்கு அனுப்பிவிட்டேன். 

"மன்னிச்சு விட்டுர்றாங்கப்பா. ஊரே சேந்து விட்டுருது."

"அப்பிடியா?" என்றார். அன்றைக்கு அம்மாவிடம் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில், யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்று இருந்தேனோ அவர் முன்னாலேயே போய் நின்றேன். மேஜை நிறையக் கடிதம். "பாத்தியா தங்கச்சி, பாத்தியா!" என்று குதித்தார். புகையனைக் கொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். பேரையூரிலிருந்து ஒரு வாத்தியார், இந்த ஒருதடவை வெண்பருந்து தோற்றாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தார். இந்த மனிதர் சொன்னதெல்லாம் சரிதான். காரணம் சரியாக உட்கார்ந்துவிட்டது. படித்தவர்கள் எல்லாரும் தங்களை நினைத்துப் பயந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கதவை வைத்துத்தான் அதைச் செய்தார் என்பது ஒன்றுதான் குறை.

நான் சண்டை போடவில்லை. முடிவை மாற்றுங்கள் என்று கேட்டேன். அப்பாவிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மன்னிச்சுட்டாங்கன்னு சொன்னதும் அப்பா என்ன சொன்னாரு?"

"ரெண்டாந்தடவ சோறு வாங்கிச் சாப்ட்டாரு."

அவர் கண் நிறைந்துவிட்டது. நடிப்பு இல்லை, சத்தியமாக நிறைந்தது. "எழுது" என்றார். "நீயே எழுது. புது பிளாக் போட்டுருவோம்." நான் உட்கார்ந்து எழுதினேன்: "போய் வா. உன் பிள்ளை காத்திருக்கிறான்." அவரே வெட்டினார். மூலப் படத்தை எடுத்து, பழைய கூவலை மறைத்து, அவர் கையாலேயே ஒட்டினார். "மொதப் புத்தகத்த ஒங்கப்பாவுக்கு மண்டிக்கே குடுத்தனுப்புறேன்" என்றார்.

ஒருதடவை ஏமாந்தவள் மறுபடியும் ஏன் நம்பினாள் என்று கேட்பீர்கள். அவர் கேட்ட விதம் அப்படி. அப்படிக் கேட்கிற ஒருத்தர் பொய் சொல்லுவார் என்று உங்களாலும் நினைக்க முடியாது. பின்னாளில் அவர் மெட்ராஸுக்குப் போய்ச் சினிமாவில் வில்லன்களுக்கு வசனம் எழுதுகிறார் என்றார்கள். நன்றாகத்தான் எழுதியிருப்பார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நானும் பல வருஷம் யோசித்திருக்கிறேன். பிளாக் செலவா, முதலாளியா, கதை கெட்டுப்போகும் என்றா? அவருக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். எனக்கு அது வேண்டாம். காரணம் தெரிந்தால் மனசு இளகிவிடும், அந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

புத்தகத்தைச் சொன்னபடியே மண்டிக்குக் கொடுத்தனுப்பினார். அந்த வாக்கை மட்டும் காப்பாற்றினார். அப்பா அதை அங்கே பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசல் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். நான் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் ஆய்ந்துகொண்டிருந்தேன். வண்ணப் பக்கம் வந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. அப்பா கடைசித் தாளைத் திருப்பினார். திருப்பியவர் அசையவில்லை.

நான் எழுந்து போய் அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த துண்டு அதில் இல்லை. கட்டைவிரல் தடிமனுக்கு, பாதிப் பக்கத்துக்கு, ஊர்ச்சனம் கூவிக்கொண்டிருந்தது.

அப்பா நகத்தை அந்த வரிக்குக் கீழே வைத்து, மெதுவாகக் கடைசி எழுத்துவரை இழுத்தார்.

"இது ஒன் எழுத்துதேன்" என்றார். "நல்லா வந்துருக்குத்தா."